தினமும் நடந்தவருக்கும் வந்துவிட்டதே!

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, கீமோவும் முடிந்து வீட்டுக்கு வரும் நோயாளிக்கு ஒரு விசித்திரமான காலம் தொடங்குகிறது. அதுவரை ஊசி, மருந்து, ஸ்கேன் என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருந்தது. இப்போது எதுவும் இல்லை. அவ்வப்போது போய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். நோய் திரும்புமா திரும்பாதா என்று காத்திருப்பதே வேலையாகிவிடும். "நான் ஏதாவது செய்ய வேண்டுமா டாக்டர்?" என்று கேட்டால், நன்றாகச் சாப்பிடுங்கள், தைரியமாக இருங்கள் என்பதற்கு மேல் பெரும்பாலும் பதில் வராது.

அந்த நிலையில் இருந்த 889 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2025 ஜூனில் வெளிவந்தது. உடற்பயிற்சிக்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு என்பதைக் கொஞ்ச காலமாக ஆர்வத்தோடு படித்துவருகிறேன். எங்கள் குடும்பத்துக்குள் அந்த நோய் நுழைந்ததுதான் காரணம். இந்த விஷயத்தில் இவ்வளவு உறுதியான ஒரு முடிவை நான் அதற்கு முன் படித்ததில்லை. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆய்வின் பெயர் சேலஞ்ச். பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள 55 மையங்களில் நடந்தது. 2009இல் ஆள் சேர்க்கத் தொடங்கினார்கள். சேர்த்து முடிக்கவே ஏறக்குறைய 15 வருடங்கள் ஆயின. எல்லாரும் மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய், அல்லது திரும்பி வர வாய்ப்பு அதிகமுள்ள இரண்டாம் நிலைப் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடித்தவர்கள். ஏற்கெனவே போதுமான அளவு உடற்பயிற்சி செய்பவர்களைச் சேர்க்கவில்லை. குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். 444 பேருக்கு ஆரோக்கியமான உணவு, உடற்பயிற்சி பற்றிய கையேடுகளைக் கொடுத்தார்கள். மற்ற 445 பேருக்கு மூன்று வருடங்களுக்கு ஒரு உடற்பயிற்சி ஆலோசகர். அவர் தொடர்ந்து சந்தித்து, பேசி, கூட நின்று செய்யவைத்து, விட்டுப்போனால் மறுபடி இழுத்துப் பிடிப்பார்.

கேட்ட அளவு பெரிதல்ல. அவர்கள் வழக்கமாகச் செய்வதற்கு மேல், வாரத்துக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகமாக நடப்பதற்குச் சமமான உழைப்பு. நடையோ நீச்சலோ சைக்கிளோ, எது பிடிக்கிறதோ அது.

ஐந்து வருடங்கள் கழித்து, நோய் திரும்பாமலும் புதிதாக வேறு புற்றுநோய் வராமலும் உயிரோடு இருந்தவர்கள் உடற்பயிற்சிக் குழுவில் 80.3 சதவீதம், கையேட்டுக் குழுவில் 73.9 சதவீதம். எட்டு வருடங்கள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 90.3 சதவீதம், எதிரே 83.2 சதவீதம். எண்ணிக்கையில் சொன்னால், ஆய்வுக் காலத்தில் ஒரு பக்கம் 41 மரணம், இன்னொரு பக்கம் 66. புதிதாக ஒரு மருந்து இந்த அளவு பலன் காட்டினால் அது உடனே சிகிச்சைப் பட்டியலில் சேர்ந்துவிடும். தசைவலி, மூட்டுவலி போன்ற தொந்தரவுகள் உடற்பயிற்சி செய்தவர்களில் 18.5 சதவீதத்தினருக்கு வந்தன, மற்றவர்களில் 11.5 சதவீதத்தினருக்கு. பக்கவிளைவு என்று முக்கியமாகச் சொல்ல வேண்டியது அதுதான்.

இன்னொரு விஷயம் என்னை நிறைய யோசிக்கவைத்தது. இரண்டு குழுக்களுக்கும் உடல் எடையிலோ இடுப்புச் சுற்றளவிலோ பெரிய வித்தியாசம் ஏற்படவில்லை. எடை குறைந்ததால்தான் பலன் கிடைத்தது என்று இதை விளக்கிவிட முடியாது. உடற்பயிற்சி என்றாலே எடைக்குறைப்பு என்று நாம் பழகிவிட்டோம். தராசு முள் நகரவில்லையென்றால் "எல்லாம் வீண்" என்று நிறுத்திவிடுகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கெல்லாம் இந்த ஒரு தகவலைச் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

சரி, இது நோய் வந்தவர்களைப் பற்றியது. வராதவர்கள் உடற்பயிற்சி செய்தால் வராமல் தடுக்க முடியுமா?

இந்தக் கேள்விக்கு சேலஞ்ச் போல ஓர் ஆய்வு இல்லை, வருவதும் கடினம். ஆரோக்கியமான பல்லாயிரம் பேரைக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேரை இருபது முப்பது வருடங்கள் விடாமல் உடற்பயிற்சி செய்யவைத்து, மீதிப் பேரைச் செய்யவிடாமல் வைத்திருக்க யாராலும் முடியாது. அதனால் மனிதர்கள் தாமாக எப்படி வாழ்கிறார்கள் என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு, யாருக்கு நோய் வருகிறது என்று பல வருடங்கள் பின்தொடர்வதுதான் வழி. நம்மிடம் இருக்கும் ஆதாரத்தில் பெரும்பகுதி அப்படிப்பட்டதே.

அந்த ஆதாரத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. உடலுழைப்பு அதிகமுள்ள தொழில்களில் இருப்பவர்களுக்குப் புற்றுநோய் மரணம் குறைவாக இருக்கிறதே என்று 1920களிலேயே சில மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பிறகு பல காலம் அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதி ஆண்களின் தொழிலையும் நோயையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு, உட்கார்ந்தே செய்யும் வேலையில் இருந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 1.6 மடங்கு என்று காட்டியது. 1994இல் லெஸ்லி பெர்ன்ஸ்டீன் குழுவினர், மார்பகப் புற்றுநோய் வந்த இளம் பெண்கள் 545 பேரையும் வராத 545 பேரையும் ஒப்பிட்டார்கள். முதல் மாதவிடாய்க்குப் பிறகான வருடங்களில் வாரத்துக்கு நான்கு மணி நேரத்தை ஒட்டி உடற்பயிற்சி செய்த பெண்களுக்கு வாய்ப்பு பாதிக்கும் கீழே இருந்தது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் அவ்வளவு பெரிய குறைவு தெரியவில்லை. ஆனாலும் மற்றவர்களைத் தேடவைத்தது அந்த ஆய்வு.

2016இல் ஸ்டீவன் மூர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் பலரும் சேர்ந்து, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த 12 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். மொத்தம் 14.4 லட்சம் பேர். 26 வகைப் புற்றுநோய்களைப் பார்த்தார்கள். ஓய்வு நேரத்தில் அதிகமாக இயங்குகிறவர்களுக்கு 13 வகைகளில் வாய்ப்பு குறைவாக இருந்தது. உணவுக்குழாயின் ஒரு வகைப் புற்றுநோயில் 42 சதவீதம், கல்லீரலில் 27, சிறுநீரகத்தில் 23, கருப்பை உட்சுவரில் 21, பெருங்குடலில் 16, மார்பகத்தில் 10 சதவீதம் என்று குறைவு. உடல் எடையைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் 13இல் 10 வகைகளில் தொடர்பு நீடித்தது.

பத்திரிகைகள் அன்றைக்கு "உடற்பயிற்சி 13 புற்றுநோய்களைத் தடுக்கும்" என்று எழுதின. எனக்கு அந்த ஆய்வில் அதிகம் பிடித்தது தலைப்புக்கு வராத பகுதி. நுரையீரல் புற்றுநோயும் அந்த 13இல் உண்டு, 26 சதவீதக் குறைவு. ஆனால் புகைப்பவர்களையும், புகைத்து விட்டவர்களையும், ஒருபோதும் புகைக்காதவர்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, புகைக்காதவர்களிடம் அந்தத் தொடர்பே காணவில்லை. அப்படியென்றால்? குறைவாகப் புகைப்பவர்கள் அதிகமாக உடற்பயிற்சி செய்கிறவர்களாகவும் இருக்கலாம். அதிகம் புகைப்பவருக்கு மூச்சு வாங்கும், அதனால் அவர் நடப்பதே குறைவாக இருக்கலாம். நுரையீரல் விஷயத்தில் நாம் பார்ப்பது உடற்பயிற்சியின் பலனையா, சிகரெட்டின் நிழலையா என்று பிரிப்பது கஷ்டம்.

அதே ஆய்வில் இரண்டு புற்றுநோய்கள் உடற்பயிற்சி செய்பவர்களிடம் அதிகமாக இருந்தன. மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் 27 சதவீதம் அதிகம். வெளியில் ஓடுகிறவர்கள் வெயிலில் அதிகம் இருக்கிறார்கள் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். வெள்ளைத் தோல்காரர்கள் நிறைந்த ஒரு மக்கள்தொகையில் அது பொருந்தும். புராஸ்டேட் புற்றுநோய் 5 சதவீதம் அதிகம். உடம்பைக் கவனித்துக்கொள்கிறவர்கள் பரிசோதனைக்கும் அடிக்கடி போகிறார்கள், அதனால் அவர்களிடம் அதிகமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது என்று விளக்கம். இந்த இரண்டையும் நாம் சுலபமாக "அது வேறு காரணம்" என்று ஒதுக்கிவிடுகிறோம். அப்படியானால் நமக்குச் சாதகமான எண்களையும் அதே கறாரோடு பார்க்க வேண்டாமா?

பார்த்தால் மிகப் பெரிய சந்தேகம் ஒன்று எழும். உடற்பயிற்சி செய்யாததால் நோய் வந்ததா, நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருந்ததால் உடற்பயிற்சி குறைந்ததா? புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு மாதங்கள், சில வகைகளில் வருடங்கள் முன்பே உடம்பில் இருக்கிறது. அதற்குள் இரத்தம் குறைந்திருக்கலாம், களைப்பு தட்டியிருக்கலாம். "கொஞ்ச நாளாக நடக்கவே முடியலை" என்று ஒருவர் நடையை விட்டிருப்பார். கணக்கெடுக்கும்போது அவர் "உடற்பயிற்சி செய்யாதவர்" ஆகிவிடுவார். இதைத் தவிர்க்க, ஆய்வில் சேர்ந்து முதல் ஒன்றிரண்டு வருடங்களுக்குள் நோய் வந்தவர்களை விட்டுவிட்டுக் கணக்கிடுகிறார்கள். அது ஓரளவு உதவும்.

2020இல் வந்த இன்னொரு ஆய்வு வேறு வழியில் போனது. சிலர் பிறப்பிலேயே கொஞ்சம் அதிகமாக ஓடியாடும் இயல்புள்ளவர்கள். அதோடு தொடர்புடைய மரபணு வேறுபாடுகள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. மரபணு கருவிலேயே முடிவாகிவிடுகிறது. ஐம்பது வயதில் வரும் புற்றுநோய் அதை மாற்ற முடியாது, சிகரெட் பழக்கமும் மாற்ற முடியாது. அந்த மரபணுக்கள் உள்ளவர்களுக்கு மார்பக, பெருங்குடல் புற்றுநோய்கள் குறைவாக வருகின்றனவா என்று பார்த்தார்கள். குறைவாகத்தான் வந்தன. இந்த முறைக்கும் அதற்கே உரிய பலவீனங்கள் உண்டு. ஆனாலும் பலவீனங்கள் வேறு வேறாக உள்ள மூன்று நான்கு வழிகள் ஒரே திசையைக் காட்டும்போது அதை நம்பத் தோன்றுகிறது.

எல்லாவற்றையும் பரிசீலித்த அமெரிக்க அரசின் உடற்பயிற்சி ஆலோசனைக் குழு 2018இல் ஏழு புற்றுநோய்களுக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது என்று சொன்னது. பெருங்குடல், மார்பகம், கருப்பை உட்சுவர், சிறுநீரகம், சிறுநீர்ப்பை, வயிறு, உணவுக்குழாயின் அந்த ஒரு வகை. நுரையீரலை வலுவான பட்டியலில் சேர்க்காமல் ஒரு படி கீழே வைத்தார்கள். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? நமக்கு நன்றாகத் தெரிந்த பகுதி இன்சுலின். தசை வேலை செய்யும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது; தொடர்ந்து உழைக்கும் உடம்புக்குக் குறைந்த இன்சுலினே போதும். இன்சுலின் சர்க்கரையைக் கையாளுவதோடு நிற்பதில்லை, செல்களை வளரச் சொல்லும், பெருகச் சொல்லும். வருடக்கணக்கில் அது அதிகமாகவே இருந்தால், ஏற்கெனவே தடம் மாறத் தொடங்கிய ஒரு செல்லுக்கும் அந்த உத்தரவு போய்ச் சேர்கிறது.

பெண்களிடம் இன்னொன்று. மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. அதன் பிறகு கொழுப்புத் திசுதான் வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு அதிகமானால் ஈஸ்ட்ரோஜனும் அதிகம். மார்பகத்துக்கும் கருப்பைக்கும் அது வளர்ச்சித் தூண்டல். கனடாவில் கிறிஸ்டீன் ஃப்ரீடன்ரைக் தலைமையில், மாதவிடாய் நின்ற 320 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரை ஒரு வருடம் உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். செய்தவர்களின் இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அளவு குறைந்தது. புற்றுநோய் வருகிறதா என்று பார்க்கும் அளவுக்கு அது நீண்ட ஆய்வல்ல, ஆனால் சங்கிலியின் நடுக் கண்ணியைச் சோதித்துப் பார்த்தார்கள்.

மூன்றாவது நோய் எதிர்ப்பு அணுக்கள். 2016இல் டென்மார்க்கில், கூண்டுக்குள் ஓடும் சக்கரம் வைத்து எலிகளை ஓடவிட்டார்கள். ஓடிய எலிகளில் கட்டிகளின் வளர்ச்சி 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. ஓட்டத்தில் சுரக்கும் அட்ரினலின், இயற்கைக் கொல்லி அணுக்கள் எனப்படும் ஒரு வகை வெள்ளையணுக்களை இரத்தத்தில் இறக்கிவிடுகிறது. அவை கட்டிக்குள் புகுந்துவிடுகின்றன. அட்ரினலினை மருந்தால் தடுத்தபோது பலன் குறைந்தது. எலியில் நடந்தது மனிதனிலும் அப்படியே நடக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மனிதரிலும் உடற்பயிற்சியின்போது அதே அணுக்கள் இரத்தத்தில் கூடுகின்றன என்பது தெரிந்த விஷயம். எடை மாறாமலே சேலஞ்ச் நோயாளிகளுக்குப் பலன் கிடைத்ததே, அதற்கான விளக்கம் இந்தப் பக்கம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுகிறது என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

அழற்சி குறைவது, குடலில் கழிவு தங்கும் நேரம் குறைவது என்று வேறு காரணங்களும் சொல்கிறார்கள். கடைசியாகச் சொன்னதற்கு ஆதாரம் மெலிதாகத்தான் இருக்கிறது.

இப்போது தலைப்பில் உள்ள விஷயத்துக்கு வருகிறேன். என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, பார்க்க வந்தவர்களில் பலர் ஒரே மாதிரிப் பேசினார்கள். "நீங்க தினமும் நடப்பீங்களே அக்கா, உங்களுக்கா?" என்றார் ஒருவர். "பார், நடந்தும் என்ன பிரயோஜனம்?" என்றார் வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டே இன்னொருவர். பெரியம்மா அதற்கெல்லாம் முகம் மாறாமல் பதில் சொன்னார். ஆனால் இரவில் என்னிடம் கேட்டார்: "நான் எதையாவது சரியா செய்யாம விட்டுட்டேனாடா?"

அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது. உடற்பயிற்சியைப் பற்றி நாம் ஊருக்கெல்லாம் சொல்லும் விதம்தான் நோயாளியை இப்படிக் கேட்கவைக்கிறது. "நடந்தால் வராது" என்று சொல்லிவைத்தால், வந்தவர் குற்றவாளி ஆகிவிடுகிறார். நடந்தும் வந்துவிட்டால், நடை பொய்யாகிவிடுகிறது. இரண்டுமே அநியாயம்.

பெருங்குடல் புற்றுநோயையே எடுத்துக்கொள்வோம். வாழ்நாளில் 1000 பேரில் 40 பேருக்கு அது வருகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். மூர் ஆய்வு சொன்ன 16 சதவீதக் குறைவு முழுக்க உடற்பயிற்சியின் பலனே என்றும் ஒத்துக்கொள்வோம். 1000 பேரும் வாழ்நாள் முழுக்க நன்றாக நடக்கிறார்கள். 40 என்பது 33, 34 ஆகக் குறையும். ஆறேழு பேர் தப்பிக்கிறார்கள். 960 பேருக்கு நடக்காவிட்டாலும் வந்திருக்காது. 33 பேருக்கு நடந்தும் வருகிறது. தப்பித்த ஆறேழு பேர் யார் என்று யாராலும் காட்ட முடியாது. தாங்கள் தப்பித்தது அவர்களுக்கே தெரியாது. ஆனால் நடந்தும் நோய் வந்த 33 பேர் நம் கண்ணுக்குத் தெரிகிறார்கள், அவர்களைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து முடிவு செய்தால் உடற்பயிற்சி எப்போதும் தோற்றதாகத்தான் படும். சீட் பெல்ட் போட்டவரும் விபத்தில் இறப்பதுண்டு. அதற்காக யாரும் சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்வதில்லை.

வயது, பரம்பரை, செல்கள் பிரியும்போது தற்செயலாக நேரும் பிழைகள் என்று நம் கையில் இல்லாதவை நிறைய இருக்கின்றன. மார்பகப் புற்றுநோயில் உடற்பயிற்சியின் பங்கு பத்துச் சதவீதம் என்றால், மீதித் தொண்ணூறு அங்கேயே இருக்கிறது. பெரியம்மாவிடம் அன்றிரவு நான் சொன்னது இதைத்தான், இவ்வளவு எண்கள் இல்லாமல். அவர் எதையும் விட்டுவிடவில்லை. அவர் நடந்த நடை இதயத்துக்கும் எலும்புக்கும் உதவியது; சிகிச்சையைத் தாங்கும் உடம்பைக் கொடுத்தது. கீமோவின்போது அதை நான் நேரிலேயே பார்த்தேன்.

எவ்வளவு செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு இது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையானது, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலு சேர்க்கும் பயிற்சி. நடக்கும்போது பேச முடியும், பாட முடியாது என்றால் அது மிதமான வேகம். 7.5 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தரவுகளைப் பார்த்த இன்னொரு 2020 ஆய்வில், இந்தப் பரிந்துரையை எட்டியவர்களுக்கு 15இல் ஏழு புற்றுநோய்கள் குறைவாக இருந்தன. மாரத்தான் ஓட வேண்டியதில்லை.

இதுகூட முடியாதவர்களைப் பற்றி 2023இல் ஒரு சுவாரசியமான முடிவு வந்தது. பிரிட்டனில், "ஓய்வு நேரத்தில் நான் உடற்பயிற்சியே செய்வதில்லை" என்று சொன்ன 22,398 பேரின் மணிக்கட்டில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டிப் பார்த்தார்கள். அன்றாட வேலையிலேயே சிலர் சட்டென்று வேகமாக மாடிப்படி ஏறுகிறார்கள், பாரத்தைத் தூக்கிக்கொண்டு விரைகிறார்கள். பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட நீடிக்காத இந்தச் சிறு வேகங்கள் ஒரு நாளில் மொத்தம் மூன்றரை நிமிடத்தை எட்டியவர்களுக்கு, அப்படி எதுவுமே செய்யாதவர்களைவிடப் புற்றுநோய் 17, 18 சதவீதம் குறைவாக வந்தது. இதுவும் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுதான். மேலே சொன்ன சந்தேகங்கள் எல்லாம் இதற்கும் பொருந்தும். படியை வேகமாக ஏற முடிகிறவர் ஏற்கெனவே ஆரோக்கியமானவராக இருக்கலாம். மூன்றரை நிமிடம் போதும் என்று இதை வைத்து நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுவேலையும் அலுவலகமுமாக ஓடிக்கொண்டிருக்கிறவர், தனக்கு உடற்பயிற்சிக்கு நேரமே இல்லை என்று மனம் விட்டுப்போயிருந்தால், அவரிடம் இதைச் சொல்வேன்.

உட்கார்ந்திருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உட்கார்ந்திருக்கும் நேரம் இரண்டு மணி கூடக் கூடப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 8 சதவீதமும் கருப்பை உட்சுவரில் 10 சதவீதமும் கூடியிருந்தன. காலையில் நடந்துவிட்டு நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் இதையும் கவனிக்கலாம்.

மறுபடி நோயாளிகளிடம் வருகிறேன், எனக்கு ஆதங்கம் அதிகம் உள்ள இடம் அது. "உடம்பை அலட்டிக்கொள்ளாதீர்கள், ஓய்வெடுங்கள்" என்பது புற்றுநோய் வந்தவருக்கு எல்லாரும் சொல்லும் முதல் அறிவுரை. அன்பில் சொல்வதுதான். மார்பக அறுவை சிகிச்சையில் அக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்த பெண்களிடம், அந்தக் கையால் பாரம் தூக்கவே கூடாது, வீங்கிவிடும் என்று பல காலம் சொல்லிவந்தார்கள். 2009இல் கேத்ரின் ஷ்மிட்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரின் குழு, ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்துச் சோதித்தது. மேற்பார்வையோடு, படிப்படியாக எடை தூக்கப் பழகியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாவது அவர்களிடம் குறைவாகவே இருந்தது. எத்தனை பெண்கள் அந்தப் பயத்தில் பேரக்குழந்தையைத் தூக்காமலே இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

சிகிச்சையின்போது வரும் அந்தப் பெரும் களைப்பு தூங்கினால் போவதில்லை. அதற்கு மிதமான உடற்பயிற்சி உதவுகிறது என்பதற்கு நிறைய ஆதாரம் உண்டு. வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம் என்ற அளவே களைப்பையும் பதற்றத்தையும் மனச்சோர்வையும் குறைப்பதாக 2019இல் வெளிவந்த நிபுணர் குழு அறிக்கை சொல்கிறது. பெரியம்மாவுக்குக் கீமோ நடந்த மாதங்களில் வீட்டுக்குள்ளேயே கூடத்திலிருந்து வாசல்வரை நடந்தார். முடியாத நாளில் படுத்துக்கொண்டார். யாரும் அவரை விரட்டவில்லை, அதுவும் முக்கியம்.

எல்லாருக்கும் எல்லாம் பொருந்தாது. எலும்புக்குப் பரவிய புற்றுநோய் என்றால் எலும்பு முறியும் அபாயம் இருக்கிறது. தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்தால் அடிபட்டால் இரத்தம் நிற்காது. காய்ச்சல் இருக்கும்போது, இரத்தசோகை கடுமையாக இருக்கும்போது உடம்பை வருத்தக் கூடாது. சில கீமோ மருந்துகள் இதயத்தைப் பலவீனமாக்கும். இதையெல்லாம் அறிந்த ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஓய்வெடுங்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் தவறு, நடங்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் தவறு.

சேலஞ்ச் ஆய்வில் கையேடு வாங்கியவர்களுக்கும் உடற்பயிற்சி நல்லது என்ற தகவல் கிடைத்திருந்தது. தகவல் இரண்டு குழுவுக்கும் பொது. ஒரு குழுவுக்குக் கூடுதலாகக் கிடைத்தது மூன்று வருடங்கள் கூடவே வந்த ஒரு மனிதர். ஆஸ்திரேலியாவின் புற்றுநோய் மருத்துவச் சங்கம் 2018லேயே, உடற்பயிற்சியைப் புற்றுநோய்ச் சிகிச்சையின் வழக்கமான பகுதியாக்க வேண்டும், நோயாளிகளை அதற்குரிய நிபுணர்களிடம் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டது. கீமோ தரும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் அப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. பிசியோதெரபிஸ்ட் பல இடங்களில் ஏற்கெனவே இருக்கிறார். புற்றுநோய்ப் பிரிவிலிருந்து அவரிடம் ஆள் அனுப்பும் வழக்கம்தான் இல்லை.

அதனால் சிகிச்சை முடியும் தறுவாயில் இருப்பவர்களிடமும், அவர்களோடு கூடப் போகும் மகன், மகள், கணவன், மனைவியிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை போகும்போது, "நடக்கலாமா?" என்று மட்டும் கேட்டால் "நடக்கலாம்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். "எந்த வேகத்தில், எவ்வளவு நேரம், எதைச் செய்யக் கூடாது, இதை யாரிடம் போய்க் கற்றுக்கொள்வது?" என்று கேளுங்கள். மருந்துச் சீட்டு எழுதும்போதே கேளுங்கள், அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.